நன்றி டிரைவருக்கு

சென்னை

அன்புள்ள மாமாவுக்கு,

ஆண்டவர் தயவில் நான் நலம். நீங்களும் நம் பாப்பாவும் சுகமா? உப்பளத்து வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்காதீர்கள். புகையில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. போனில் குரலைக் கேட்டால் பயப்படுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முந்தாநாள் ஒரு அடுக்குமாடியில் தீ. நான் ஏணியில் ஏறி மாடி ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருமிக்கொண்டிருந்த பெரியவர், "ஏம்மா, ஆம்பள யாராச்சும் வரச் சொல்லு" என்றார்.

"நானும் ஃபயர் சர்வீஸ்தான் சார். தோளப் புடிங்க" என்று இறக்கிக் கொண்டுவந்தேன். கீழே வந்ததும் எங்கள் வண்டி டிரைவரின் கையைப் பிடித்து நன்றி சொல்கிறார்!

"உங்கள எறக்குனது அவங்க சார்" என்று டிரைவர் சொல்லியும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவராவது வெளியாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் அம்மாவுக்கு ஆபீஸ் வேலை என்று சொல்லும்படி உங்கள் அண்ணன் பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாராமே? போன வாரம் அவளே சொன்னாள். பக்கத்தில் இருந்தும் நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை?

இந்தப் பக்கம் வருபவர்களிடம் கொஞ்சம் கருவாடும் பாப்பாவின் சட்டை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். சட்டையைத் துவைக்க வேண்டாம்.

மணி அடிக்கிறது, வண்டி கிளம்புகிறது. அம்மா தீயணைக்கிறவள் என்று இன்றைக்கே பாப்பாவிடம் சொல்லுங்கள். அண்ணன் எதிரிலேயே சொல்லுங்கள்.

உங்கள்
மேரிசெல்வி