கவியரசனுக்கு வாங்கிய மாலை

கச்சிராயபாளையம்
4.2.2025

அன்பு மகன் டென்னிஸுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் கேட்டால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் போனில் ‘கண்ணீர் அஞ்சலி’ படம் ஒன்று வந்தது. மேலே உன்னோடு படித்த கவியரசன், கீழே வட்டத்துக்குள் உன் முகம். சிநேகிதனுக்காக நீ போட்டிருக்கிறாய் என்று அழுதுகொண்டே ரோஜா மாலை வாங்கிப் போனேன். கதவைத் திறந்தது கவியரசனேதான், கையில் இட்லித் தட்டோடு. "இன்னா அத்தை, யாருக்கு மாலை?" என்றான். அவன் அம்மா கொளஞ்சியம்மாள் மாலையைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உனக்கு யார் இந்தத் தப்பான சேதியைச் சொன்னது? மாலையை வீட்டுக்குக் கொண்டுவரப் பயந்து வாய்க்காலில் விட்டேன்.

உன் அம்மா,
ஆனந்தமேரி

ஓசூர்
9.2.2025

அன்புள்ள அம்மா,

யாரும் சேதி சொல்லவில்லை. எங்கள் தலைவர் நடித்த புதுப்படம் குப்பை என்று கவி ஃபேஸ்புக்கில் எழுதினான். அப்படி எழுதுபவனுக்கு எங்கள் ரசிகர் குழுவில் அஞ்சலி போடுவது வழக்கம். மற்ற நடிகர்களின் ரசிகர்களும் எங்களுக்குப் போடுவார்கள். சும்மா விளையாட்டு. இதற்குப் போய் யாராவது மாலை வாங்குவார்களா?

டென்னிஸ்

கச்சிராயபாளையம்
14.2.2025

டென்னிஸ்,

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேரில் பார்த்தே இராத நடிகருக்காக, நம் வீட்டில் சோறு தின்ற பையனைச் சாகடிக்க எப்படி மனசு வந்தது? கொளஞ்சியம்மாள் மகனை வெளியே அனுப்பவே பயப்படுகிறாள். டவுன் பஸ்ஸில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் வளர்த்த பிள்ளைதானா நீ?

அம்மா

ஓசூர்
19.2.2025

அம்மா,

அந்த அஞ்சலிப் படத்தை நீக்கிவிட்டேன். கவியிடம் எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்டு எழுதினேன். உடனே எங்கள் ஆட்களே என்னைத் துரோகி என்று திட்டி, என் படத்தை வைத்து எனக்கே அஞ்சலி போட்டுவிட்டார்கள். நேற்றுவரை ‘அண்ணா’ என்று கூப்பிட்டவர்கள். ஏன் என்று எனக்கும் புரியவில்லை.

கவி போன் பண்ணினான். "எங்கடா கீற?" என்று கேட்டான். "ரூம்ல" என்றேன். வைத்துவிட்டான்.

உன் போனுக்கும் அந்தப் படம் வரும். நம்பாதே அம்மா.

டென்னிஸ்

கச்சிராயபாளையம்
23.2.2025

கண்ணு டென்னிஸ்,

உன் கடிதத்துக்கு முன்னால் கொளஞ்சியம்மாள் வந்துவிட்டாள். மூச்சிரைக்க ஓடிவந்து, "மேரி, போனைத் தொடாத. உம்புள்ள உசுரோட கீறான், எம்புள்ள இப்பதான் பேசினான்" என்று போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் காட்டினாள். பொய் என்று தெரிந்தும், மாலைக்குள் உன் முகத்தைப் பார்த்ததும் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருட்டும்வரை போகவில்லை.

லீவு கிடைத்ததும் வா. முதலில் அவர்கள் வீட்டுக்குப் போ. உன்னை ஒருதரம் கண்ணால் பார்க்கவேண்டுமாம் அவளுக்கு.

அம்மா