நனைந்த ஓட்டின் எடை

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நாங்க நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கீங்க? ரெண்டு வருஷம் கழிச்சு என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறியிருப்பே. யாருக்கும் ஒண்ணும் ஆகல. வீட்டுச் சுவர்தான் மேல வரைக்கும் எழும்பிடுச்சு. உன் மாப்பிள்ளைக்கு பஸ் டியூட்டி இல்லாத நாள்லயும், நான் தையல் மெஷினை மூடி வெச்ச நேரத்துலயும் நாங்களே கட்டினது.

இனி கூரை. இன்ஜினியர் கையெழுத்து இல்லாம ஏத்தக்கூடாதுன்னு அனுமதி ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஊர்ல வேற இன்ஜினியரே இல்லையான்னு கேட்பே. இருக்காங்க. ஆனா நாங்களே வீடு கட்டப்போறோம்னு சொன்ன அன்னைக்கு, எல்லார் முன்னாலயும் விழுந்து விழுந்து சிரிச்சது நீதானே? நீயே போடு.

படம் வெச்சிருக்கேன். சட்டை வெட்டுற பேப்பர்ல வரைஞ்சது, கோவிச்சுக்காதே.

உன் தங்கை


மார்ச் 11

அன்புள்ள வாலு,

படம் கிடைத்தது. உத்திரத்துக்குப் பக்கத்தில் ‘தையலுக்கு அரை இன்ச் விட்டது’ என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணி இன்னும் சிரித்து முடிக்கவில்லை. நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது. ஓட்டைத் தாங்கும் கைமரங்களின் பருமன் என்ன, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம், காற்று கூரையைத் தூக்காமல் இருக்க எதைக்கொண்டு சுவரோடு பிடிக்கிறாய், எல்லாம் வேண்டும். ஓட்டின் எடை தரைக்கு எந்த வழியாக இறங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி வரை. இப்போது உத்திரத்தின் ஒரு முனை ஜன்னலுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலை நகர்த்து.

பதினெட்டு அடி உத்திரம், ஐந்துக்குப் பத்து இன்ச் போதும். கணக்கு இத்துடன்.

அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணா,

ஜன்னல் நகர்ந்தாச்சு. மூணு நாள் வேலை. உன் மாப்பிள்ளை செங்கல்லை மட்டும் கொஞ்சம் ஓங்கி ஓங்கி வெச்சார். நீ கேட்ட விவரம் எல்லாம் புதுப் படத்துல இருக்கு. இந்தத் தடவை நல்ல பேப்பர்.

ஒரே ஒரு சந்தேகம். ஓடு ஒண்ணு 2.6 கிலோன்னு உன் கணக்குல போட்டிருக்கே. அது புது ஓட்டுக்கு. நம்மது இடிச்ச பள்ளிக்கூடத்துலேர்ந்து வாங்கின பழைய ஓடு, நல்ல தடிமன். பழைய பேப்பர் கடைத் தராசுல பத்து ஓட்டை நிறுத்தேன். 31 கிலோ. மழையில நனைஞ்சா என்ன ஆகும்னு ஒரு நாள் முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டு மறுபடி நிறுத்தேன். 36!

கடைக்காரர் என்னை ஒரு மாதிரியா பார்த்தார். பார்த்துட்டுப் போகட்டும்.

உன் தங்கை


ஏப்ரல் 2

வாலு,

ஓட்டுக் கம்பெனி புத்தகத்தில் உள்ள எடையைத்தான் எல்லாரும் போடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக நானும் அதைத்தான் போடுகிறேன். எனக்கு நீ பாடம் நடத்த வேண்டாம்.

அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள வாலு,

நேத்து போட்ட கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடு.

காலையில உன் எடையை வெச்சுக் கணக்கை முதல்லேர்ந்து போட்டேன். நான் சொன்ன உத்திரத்தை ஏத்தியிருந்தா, நல்ல மழை ரெண்டு பெய்ஞ்சதும் வளைஞ்சிருக்கும். ஆறுக்குப் பன்னிரண்டு வேணும். பழைய ஓடான்னு நான் கேட்டிருக்கணும். கேட்கல. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இனிமே ஓட்டை நிறுத்துப் பார்க்காம யாரும் என்கிட்ட படம் கொண்டுவரக்கூடாதுன்னு.

கையெழுத்துப் போட்ட படங்கள் இதோட இருக்கு. மூலையில ‘விவரம் தயாரித்தவர்’னு ஒரு கட்டம் இருக்கும். அதுல உன் பேரைப் போட்டிருக்கேன்.

அன்னைக்கு ஏன் சிரிச்சேன்னு நீ கேட்கவே இல்ல. ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் கூரை போட்டுக் கொடுத்துட்டு நான் இன்னும் வாடகை வீட்டுல இருக்கேன். சொந்தமா ஒண்ணு கட்ட எனக்கு தைரியம் வரல. நீ என்னடான்னா கடைக்குப் போயிட்டு வர்றேன்கிற மாதிரி சொன்னே. வயித்தெரிச்சல்மா. சிரிச்சு மழுப்பிட்டேன். தப்புதான்.

உத்திரம் ஏத்துற அன்னைக்கு ஆள் குறையுதா?

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

கடிதத்தை அவருக்கும் படிச்சுக் காட்டினேன். “வயித்தெரிச்சல்”கிற இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னார்.

ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஏத்துறோம். அண்ணியையும் கூட்டிட்டு சனிக்கிழமையே வந்துடு. ஜன்னலுக்கு இன்னும் கதவு மாட்டல, காத்து நல்லா வரும். பழைய பேன்ட் எடுத்துக்கோ.

ஆறு பேர் போதும்னு இருந்தோம். நீ பருமனைக் கூட்டினதால எட்டுப் பேர் வேணும்னு தச்சர் சொல்லிட்டார். ஏழு பேர் கிடைச்சாச்சு. எட்டாவது யாருன்னார். எங்க அண்ணன்னேன். அவருக்கு என்ன வேலைன்னார்.

தூக்குற வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

உன் தங்கை