அஞ்சு மீனும் உசுரோட கீது

என் ராசா, எஸ்தர் அப்பா,

கோவிச்சுக்காத. உன் மீன் தொட்டிய லாஃப்ட்லருந்து எறக்கிட்டோம். நீ போனப்புறம் அதுக்குள்ள கிறிஸ்மஸ் குடில் பொம்மைங்களப் போட்டு, பழைய புடவைய சுத்தி மேல ஏத்தினவ நான்தான். இனி இந்த வூட்ல மீனே வேணாம்னு இருந்தேன். கேட்டது உன் பொண்ணு. தலைப்பிரசவத்துக்கு வந்துகீறா. பிரஷர் ஏறுது, படுத்தே இருக்கணும்னுட்டாங்க. "செவுத்தையே பாத்துகினு கெடக்கச் சொல்றியாம்மா? அப்பா தொட்டிய எறக்கு"ன்னா.

தண்ணி ஊத்தினா மூலையில ஒழுகுச்சு. கூடுவாஞ்சேரி கலர் மீன் கடைக்காரரு, "இத்தினி வருஷம் காஞ்சு கெடந்தா பசை வுட்டுடும்மா. மொத்தத்தையும் சுரண்டிட்டு புதுசா ஒட்டு"ன்னாரு. மாப்ள ஒட்டினாரு. வாசல்ல தண்ணி ரொப்பி வெச்சுப் பாத்தோம், ஒழுகல. நம்ம போர் தண்ணி வுட்ட உப்புக்கோடு மட்டும் கண்ணாடியில அப்படியே கீது. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சும் போகல. நீ கடைசியா ரொப்பின அளவு அது.

ஆறு கோல்டு ஃபிஷ் வுட்டோம். போன வாரம் எஸ்தருக்கு கை காலெல்லாம் வீங்கி, பிரஷர் எகிறிடுச்சு. ஆஸ்பத்திரியில வெச்சிருந்து, எறங்கினப்புறம்தான் அனுப்பினாங்க. வூட்டுக்கு வந்து பாத்தா ஒரு மீன் செத்து மெதக்குது. பக்கத்து வூட்டு சரசு, "நல்லதுதான்க்கா. வூட்டுக்கு வந்தத அது வாங்கிகினு போயிடுச்சு"ன்னா. நீயும் அதத்தான சொல்லுவ? மீன் செத்தா, "ஒரு கண்டம் கழிஞ்சுது செல்வி"ன்னு சிரிப்ப.

அன்னிக்குப் புடிச்சுதுய்யா பயம். காலையில ஜெபம் பண்றதுக்கு முன்னாடி தொட்டியத்தான் பாக்கறேன். அஞ்சும் நீந்துது. சாகலன்னு சந்தோஷப்படறதா, பிரசவ கண்டத்த எதுவும் வாங்கிக்கலையேன்னு பயப்படறதா? இத யாருகிட்ட போய்க் கேப்பேன்? சர்ச்சுல சொன்னா சிரிப்பாங்க.

நாளைக்கு ஆபரேஷன். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில. இன்னிக்கு அவ குளிக்கப் போன நேரமாப் பாத்து, தொட்டிக்குக் காத்து வுடற மோட்டார் சுச்சுல கைய வெச்சிட்டேன். நிறுத்திட்டா ஒண்ணாவது போயிடும், எம் பொண்ணு பொழச்சுக்குவான்னு. ச்சே, இன்னா பொம்பள நான்!

அப்பதான் அந்த உப்புக்கோடு கண்ல பட்டுச்சு. எஸ்தர் ஒம்பதாவது படிக்கறப்ப டெங்குல கெடந்தாளே, ஞாபகம் கீதா? இதே ஆஸ்பத்திரி. டீ வாங்கியாரேன்னு வெளிய போன நீ, நெஞ்சப் புடிச்சுகினு வுழுந்த. அன்னிக்கு சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல் வுட்டுச்சு. உன்ன வூட்டுக்குக் கொண்டாந்தப்போ உன் மீன் ஒண்ணுகூட சாகல. எல்லாம் பசியில கண்ணாடிகிட்ட வந்து வாயத் தொறந்துச்சு. அதப் பாக்கப் புடிக்காமதான் எல்லாத்தையும் குடுத்துட்டு, தொட்டிய மேல ஏத்தினேன்.

அப்ப வாங்கிகினது நீதானா? சொல்லுய்யா.

கைய எடுத்துட்டேன். அஞ்சுக்கும் தீனி போட்டேன்.

நாளைக்கு பயந்துகினேதான் போவேன், பொய் சொல்ல மாட்டேன். தீனி போடச் சொல்லி சரசுகிட்ட சாவி குடுத்துட்டேன். தாயையும் புள்ளையையும் கூட்டினு வந்து, உன் கோடு வரைக்கும் புதுத் தண்ணி ரொப்பறேன். இது சத்தியம். நீ ஒருத்தன் போனது போதும். இனிமே நம்ம வூட்ல யாருக்காகவும் யாரும் சாக வேணாம், மீனுகூட வேணாம்.

நாளைக்கு ஆயா ஆயிடணும்னு வவுத்துல நெருப்பக் கட்டிகினு கீற
உன் பொண்டாட்டி,
செல்வி