சரிவில் நிற்கும் வண்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நம் சின்னக்குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துகொண்டேன், இருந்தாலும் அது நீ அம்மாவிடம் சொன்னது, நான் பக்கத்தில் நின்று காதில் வாங்கியது, அதனால் என் கணக்குக்குத் தனியாக ஒரு முறை கேட்டு எழுதுகிறேன். போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, இதோ அம்மாகிட்ட குடுக்கிறேன், இந்த மூன்றைத் தாண்டி நாலாவது வாக்கியம் வாயில் வருவதற்குள் உன் அம்மா கையை நீட்டிவிடுகிறாள். காகிதம் அப்படி அவசரப்படுத்தாது. இங்கே புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்தது என்று நான் யாரிடமாவது சொன்னால் உடனே கூடிவிடுகிறது. கீழ்வீட்டு ரயில் டிரைவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அன்றிலிருந்து நம் வீட்டு ஜன்னலில் இருக்கிற தூசியெல்லாம் அவருக்குத் தெரிகிறது, மாடிப்படியில் நிறுத்தி வைத்துச் சொல்லியும் விடுகிறார்.

நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். நீ படம் அனுப்பிய மூன்று குழந்தை வண்டிகளில் எதை வாங்கலாம் என்பது ஒன்று. நீ வேலைக்குத் திரும்பும்போது நாங்கள் இருவரும் அங்கே வந்து ஆறு மாதம் இருக்க முடியுமா என்பது இன்னொன்று. காலையில அம்மா குளிப்பாட்டிப் பாத்துக்கட்டும், சாயங்காலம் நீங்க வண்டியில வச்சு வெளியில கூட்டிட்டுப் போங்கப்பா, இல்லேன்னா காப்பகத்துலதான் விடணும் என்று நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. அம்மா அன்றைக்கே, எனக்கென்ன, இவர் வந்தா நான் வரேன் என்று சொல்லிவிட்டாள். நான்தான் ஐந்து வாரமாக முதல் கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருக்கிறேன். தெரிஞ்ச கேள்விக்கு மட்டும் எட்டுப் பக்கம் எழுதி, தெரியாத கேள்வியைப் பார்க்காத மாதிரி பேப்பரைக் குடுத்துட்டு வர்ற பையன் மாதிரி இருக்கீங்க என்று உன் அம்மா சொல்கிறாள். அவள் சொல்வது சரிதான், ஆனாலும் எட்டுப் பக்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

நீ படம் அனுப்பிய மூன்றும் இங்கே ஒரு கடையில் இருந்தன, மூன்று தடவை போய்ப் பார்த்தோம். மூன்று சக்கர வண்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, காற்றடைத்த சக்கரம், மேடு பள்ளத்தில் குலுங்குவதில்லை. ஆனால் உங்கள் லிஃப்டின் ஆழம் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர் என்று மாப்பிள்ளை அளந்து அனுப்பியிருந்தார், வண்டியின் நீளம் நூற்றெட்டு. எடையோ பதின்மூன்று கிலோ, வாசலில் இருக்கும் ஏழு படியில் குழந்தையோடு அதைத் தூக்கி இறக்க ஆள் வைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, குடை மாதிரி மடங்குகிற வண்டி, ஆறு கிலோதான், எனக்கு முதலில் அதன் மேல்தான் ஆசை. ஆனால் அதன் முதுகு முழுதாகச் சாய்வதில்லை. சின்னக்குட்டி இன்னும் தானாக உட்காரவில்லை, ஐந்து மாதக் குழந்தையை அதில் வைத்தால் மூட்டை மாதிரி ஒரு பக்கம் சரிந்துதான் கிடக்கும். அதோடு கைப்பிடியில் ஒரு பையை மாட்டிப் பார்த்தேன், வண்டி அப்படியே மல்லாந்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றரை வயதாகும்போது அதை யோசிக்கலாம். மூன்றாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, தப்பாக இருந்தால் நீ திருத்து. ஒன்பதரை கிலோ, நாலு சக்கரம், படுக்கையாகவும் சாய்க்கலாம், குழந்தையின் முகம் தள்ளுகிறவரைப் பார்க்கிற மாதிரியும் ரோட்டைப் பார்க்கிற மாதிரியும் இருக்கையைத் திருப்பி மாட்டலாம். பெல்ட் தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, காலுக்கு நடுவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கிறது. பிரேக்கைக் காலால் ஒரு தடவை அழுத்தினால் பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. மடக்கி லிஃப்டில் நிறுத்தினால் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கலாம்.

இரண்டாம் முறை போனபோது, வெறும் வண்டியைத் தள்ளிப் பார்ப்பதில் என்ன தெரியும் என்று அகராதியின் இரண்டு தொகுதியையும் என் பழைய ஒளியியல் புத்தகத்தையும் பையில் எடுத்துப் போனேன், மூன்றும் சேர்ந்து ஆறரை கிலோ, சின்னக்குட்டியின் போன மாத எடை. பெல்ட் போட்டுப் படுக்கவைத்துக் கடைக்குள் ஒரு சுற்று வந்தேன். கடையில் வேலை செய்கிற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, தாத்தா, ரொம்பப் படிச்ச குழந்தையா இருக்கே, அழவே மாட்டேங்குது என்றாள். உன் அம்மா சும்மா இருப்பாளா, அது இவரை மாதிரிம்மா, உள்ள ஆயிரம் இருக்கும், வாயைத் திறக்காது என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

மூன்றாம் முறை போனது போன செவ்வாய்க்கிழமை. மூன்றாவது வண்டிதான் என்று ஏறக்குறைய முடிவாகி, கைப்பிடி உயரத்தைப் பார்க்கலாம் என்று நின்றபோது அந்தப் பெண், யார் சார் தள்ளப் போறாங்க, என்ன உயரம் என்று கேட்டாள். ஐந்தடி மூன்று அங்குலம் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே உறைத்தது. நீ என்னைவிட உயரம், மாப்பிள்ளை உன்னைவிட உயரம். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்போ போறதுன்னு முடிவாயிடுச்சு, கடைக்காரங்ககிட்ட சொல்றதை என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றாள். ஏதாவது செய்ய வேண்டுமே என்று வண்டியைக் கடை வாசலில் சாமான் ஏற்றி இறக்குகிற சரிவுக்குக் கொண்டுபோய், பிரேக்கை அழுத்திவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தேன். நின்றது. திருப்பி மேலே தள்ளிப்போய் மறுபடி செய்தேன். நின்றது. எத்தனை தடவை செய்தேனோ தெரியாது, உன் அம்மா வந்து, போதும் விடுங்க, பாவம் அது நின்னுக்கிட்டுதானே இருக்கு, அதை எத்தனை தடவைதான் சந்தேகப்படுவீங்க என்றாள். சந்தேகம் வண்டி மேல இல்ல என்று சொன்னேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை, அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னதை உன்னிடமும் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் அதைத் தள்ளிப்போட எழுதியது.

உனக்கு அப்போது ஏழு மாதம். மேல்வீட்டுத் தையல்காரர் தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் ஒரு பழைய குழந்தை வண்டியை நமக்குக் கொடுத்திருந்தார், இரும்பு வண்டி, பெரிய சக்கரம், பிரேக் என்று ஒன்றும் கிடையாது. ஒரு சாயங்காலம் உன்னை அதில் வைத்துக் கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற தெருவில் தள்ளிக்கொண்டு போனேன். உனக்குக் காலில் காலுறை தங்காது, உதறி உதறி எறிவாய். அன்றைக்கும் ஒன்று விழுந்தது. நான் இரண்டு கையையும் எடுத்துவிட்டுக் குனிந்தேன். அந்தத் தெரு சரிவான தெரு என்பது தினமும் அதில் நடந்துபோன எனக்கு அந்த நிமிஷம் நினைவில் இல்லை. ஆய்வுக்கூடத்தில் வருஷம் தவறாமல் சாய்தளத்தில் உருளையை விட்டுக்காட்டி மாணவர்களுக்கு மார்க் போட்டவன் நான். சக்கரச் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது வண்டி பத்தடி தூரம் போய்விட்டிருந்தது. ஓடினேன். கீழே ஒரு வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் பார்த்துவிட்டு, டப்பாவைப் போட்டுவிட்டுக் குறுக்கே வந்து வண்டியைப் பிடித்தார். அதைத் தாண்டி இருபதடியில் பஸ் போகிற ரோடு. அவர் என்னைப் பார்த்து, என்ன சார், பிள்ளையை விட்டுட்டு எதைப் பொறுக்கிக்கிட்டு இருந்தீங்க என்று கேட்டார். என் கையில் காலுறை இருந்தது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய், இன்னொரு தடவை போகலாம் என்கிற மாதிரி கையைத் தட்டினாய். உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சக்கரத்தில் என்ன பச்சையா என்று அம்மா கேட்டாள். வழியில யாரோ கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க என்றேன். பொய் இல்லை, ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

அன்றோடு அந்த வண்டியைத் தொடவில்லை. ஏன் என்று அம்மா கேட்டபோது, தெருவில் ஆண்பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் அதை எல்லாரும் நம்பினார்கள். வாத்தியாருக்கு வெட்கம் என்று உன் பெரியம்மாவும் சித்தியும் கேலி செய்தார்கள், கேட்டுக்கொண்டேன். கையைவிட்ட அப்பன் என்று பெயர் வாங்குவதற்கு வெட்கப்படுகிறவன் என்ற பெயர் தேவலை என்று இருந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு போவதில் எனக்குப் பயம் இல்லை, கவனித்திருப்பாய், ஐந்து வயது வரை உன்னைத் தூக்கிக்கொண்டேதான் திரிந்தேன், பிள்ளையைக் கெடுக்கிறார் என்று பேச்சும் வாங்கினேன்.

கடை வாசலில் இதைக் கேட்டதும் அம்மா பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாள். பஸ்ஸில், ஏதாவது ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பாள் என்று நான் பதிலைத் தேடிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், அப்போ அது வெட்கம் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். ரெண்டு வருஷம், மழையிலயும் மேட்டுலயும் நான் ஒருத்தியே தள்ளினேன், நீங்க குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல வந்தீங்க, எங்க அக்காகிட்டயும் தங்கச்சிகிட்டயும் அவர் கூச்ச சுபாவம்டி விடுங்கன்னு உங்களுக்காகச் சண்டை போட்டேன், பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சிருப்போம்ல என்றாள். அடுத்த ஒன்றரை நாள் அவள் என்னிடம் நேராகப் பேசவில்லை, டீ ஆறுது, வேணுங்கிறவங்க எடுத்துக் குடிக்கலாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வியாழக்கிழமை காலை தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பொண்ணுக்கு எழுதிட்டீங்களா என்று கேட்டாள். என்னத்தை எழுத என்றேன். என்கிட்ட சொன்னதை அப்படியே எழுதுங்க, மழுப்பாதீங்க, அவ பிள்ளை, அவ தெரிஞ்சுக்கணும் என்றாள். எழுதிவிட்டேன், மழுப்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது எனக்கு எழுபத்திரண்டு. அன்றைக்கு இருந்ததைவிட ஓட்டம் குறைவு, குனிந்தால் நிமிர நேரம் ஆகிறது. உங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை இறக்கம் என்று நீ எழுதியிருந்தாய், அதை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, இது நிஜ வெட்கம். மூன்றாவது வண்டியின் கைப்பிடியில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிற வார் ஒன்று இருக்கிறது, கை நழுவினாலும் வண்டி போகாது. யார் தள்ளினாலும் அதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் ஒரு வழக்கமாக வைத்துக்கொள், மாப்பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அதையெல்லாம் மீறி, அப்பாவிடம் கொடுக்க மனம் வரவில்லை என்றால் கொடுக்காதே. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் காட்டு, இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். என் மனம் நோகுமே என்று, அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, பழைய கதை என்று போனில் ஒரு வரியில் முடித்துவிடாதே. நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன், அது உண்மையில்லை, கொஞ்சம் வருத்தப்படுவேன். அது தாங்கக்கூடியதுதான். காப்பகத்தில் விட்டு, மற்ற நேரம் நான் வீட்டில் அவளுக்கு விளையாட்டுக் காட்டினாலும் அதுவும் ஒரு வேலைதானே.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில், வருகிறேன். இதை மட்டும் யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்தேன். வண்டியை என் கையில் தருவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய், எந்தப் பதிலானாலும் வருவேன், தந்தால் முதல் பத்து நாள் நீ கூடவே நட, நான் தள்ளுவதைப் பார், பார்த்துவிட்டுச் சொல்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நல்ல தூக்கமும் நல்ல பசியுமாக நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனம் நிறைய வாழ்த்துகிறோம். நீ வேலையில் சேரும் தேதியை மறக்காமல் எழுது, அதற்குப் பத்து நாள் முன்னால் வந்து சேருகிற மாதிரி டிக்கெட் எடுக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா