நீ ‘வேண்டாம்’ என்று சொன்ன பிற்பகல்

போன வாரம் வீரபாண்டித் திருவிழாவில் நம் ரெக்கையைப் பார்த்தேன். ஒரு கரும்புச்சாறு கடைக்குப் பந்தலாகக் கட்டியிருந்தார்கள். நான்கு மூங்கில் கம்பு, மேலே ஆரஞ்சும் வெள்ளையுமாக அந்தத் துணி. வேறு ஏதோ துணி என்றுதான் முதலில் நினைத்தேன். குவளையை வாய்க்குக் கொண்டுபோகும்போது இடது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீல ஒட்டு தெரிந்தது. நான் கருவேல மரத்தில் இறங்கிக் கிழித்த இடம். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும்போது எண்ணுவது போலவே தையலை எண்ணி எண்ணி, மூன்று நாள் உட்கார்ந்து நீ தைத்த ஒட்டு.

“இந்தத் துணி எங்கன கெடச்சது?” என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“போடியில ஒரு வீட்ல குடுத்தாகண்ணே. கெட்டித் துணி, மழைக்கும் தாங்கும். ஒருத்தன் இத மாட்டிக்கிட்டுப் பறக்கப் போயி, மலையில இருந்து விழுந்து செத்தான்ல? அந்த ரெக்கைதான். பயப்படாம நில்லுங்க, மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுத்தான் கட்டியிருக்கேன்.”

குவளையை வைத்த வேகத்தில் பாதிச் சாறு மேசையில் சிந்தியது. “விழுந்து செத்தான்னு உனக்கு யாருய்யா சொன்னது?” என்று கத்தினேன். அக்கினிச்சட்டி எடுத்து வந்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாவம், மிரண்டுபோய், “ஊரே சொல்லுதேண்ணே” என்றார்.

ஊரே சொல்கிறது. ஆறு வருடமாகச் சொல்கிறது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊர்மேல் இருக்கிற கோபம் கால்பங்கு. மீதியை உன்மேலும் என்மேலும் எப்படிப் பங்கு போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உனக்கு நினைவிருக்கும். பெங்களூரிலிருந்து ஒருவர் பனிக்காலம்தோறும் போடிமெட்டு மலைக்கு வந்து பறந்துகொண்டிருந்தார். நான் படம் எடுக்கப் போனேன். நீ வேடிக்கை பார்க்க வந்தாய். அலுமினியக் குழாய்களில் இழுத்துக் கட்டிய துணி, அதன் அடியில் வார்களில் தொங்கும் ஒரு வார்ப்பை, அதற்குள் மனிதன். இஞ்சின் கிடையாது. சரிவில் நாலு எட்டு ஓடினார், அவ்வளவுதான், தரை அவரை விட்டுவிட்டது. நான் கேமராவை அமுக்க மறந்துபோனேன். நீ என் கையைப் பிடித்திருந்தாய். நாமிருவரும் அப்போதே முப்பதைத் தாண்டியவர்கள். எனக்கு அல்லிநகரத்தில் ஸ்டுடியோ, உனக்குப் போடியில் மோட்டார் ரீவைண்டிங் கடை. இரண்டு பேருக்கும் குடும்பம். இந்த வயதில் இது எதற்கு என்று இரண்டு வீட்டிலும் கேட்டார்கள்.

இரண்டு வருடம் தாழ்ந்த சரிவுகளில் ஓடி விழுந்து கற்றுக்கொண்டோம். அவர் வெளிநாடு போகும்போது தன் பழைய கிளைடரை நமக்கே விட்டுவிட்டுப் போனார். ஒரு ரெக்கை, இரண்டு பேர். ஒரு தடவை நீ, மறுதடவை நான். கூடவே ஒரே ஒரு விதி. இருவரில் ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அன்றைக்கு இருவருமே பறப்பதில்லை. ஏன் எதற்கு என்று வாதாடக் கூடாது. விதியைச் சொன்னவன் நீ. சரி என்று கையடித்தவன் நான்.

பறந்ததைவிட நாம் காத்திருந்ததுதான் அதிகம். கிழக்குப் பார்த்த அந்த மொட்டைப் பாறையில் தூக்குச்சட்டியும் தண்ணீர்க் கேனுமாகக் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவோம். வெயில் சரிவைச் சுடவைத்ததும் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே ஏறி வரும். அது முகத்தில் சீராக அடிக்க வேண்டும். தூக்கித் தூக்கிப் போட்டால் ஆகாது; பக்கவாட்டில் வந்தால் ஆகாது; முதுகுப் பக்கம் மலைமுகட்டைத் தாண்டி வந்தால் அறவே ஆகாது. கீழே செங்கல் சூளைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, தென்னை மட்டை எப்படித் திரும்புகிறது, பருந்து இறக்கையை அடிக்கிறதா, சும்மா விரித்துக்கொண்டு ஏறுகிறதா என்று நான் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ திரும்பி உட்கார்ந்து முகட்டுக்கு மேலே மேகம் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருப்பாய். “காத்து நமக்கா வேல பாக்குது மாப்ள? அது பாட்டுக்கு அது வேலையப் பாக்குது” என்பாய். சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். ஒரு வாரம், பத்து நாள் என்று வெறுங்கையோடு இறங்கிப் போகும்போதும் உனக்கு அலுத்ததில்லை. எனக்கு அலுத்தது. அதை உன்னிடம் நான் மறைத்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பங்குனி மாதச் சனிக்கிழமைக்கு வருகிறேன். இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

அன்றைக்கு என் முறை. அதற்கு முன்னால் தொடர்ந்து மூன்று தடவை என் முறையில் காற்று கெட்டு, நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். நடுவில் வந்த உன் முறைகளிலெல்லாம் காற்று பிரமாதமாக அமைந்தது. ரெக்கையின் ஓரத்தில் என் கேமராவைக் கட்டி, அதை அமுக்குகிற வயரைக் கையில் பிடித்து, பள்ளத்தாக்கை மேலிருந்து படமெடுக்க ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். காலையிலிருந்து இலை அசையவில்லை. இரண்டு மணிக்கு மேல் முகத்தில் காற்று வந்தது. நல்ல காற்று. நான் வார்ப்பையை மாட்டி, தலைக்கவசத்தைப் போட்டு, ரெக்கையைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டேன்.

நீ பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாய். “வேண்டாம் மாப்ள” என்றாய்.

“முகத்துல அடிக்குதுடா! உனக்குத் தெரியலயா?”

“பொய்க் காத்து. மேல மேக்காத்து எறங்கிருச்சு, மேகத்தப் பாரு. அது முகட்டத் தாண்டி விழுந்து, கீழ சுருட்டிக்கிட்டுத் திரும்பி வருது. அதுதான் உன் முகத்துல அடிக்குது. அதுக்குள்ள போனா உருட்டிப் போட்டுரும்.”

நான் விதியை மறந்தேன். இல்லை, மறக்கவில்லை, வேண்டுமென்றே மிதித்தேன். “என் மொறைன்னா மட்டும் உனக்குக் காத்து சரியில்லாமப் போயிருது. உன் மொறைன்னா சாமி வந்து ஊதுது!” நீ மறுபடியும் மேகத்தைத்தான் பார்த்தாய். அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது. “நாள் முழுக்கக் கம்பி சுத்துற பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குடா ரெக்கை? வீட்ல போயி உக்காரு” என்றேன்.

உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. நீ பக்கத்தில் வந்து, என் வார்ப்பையை ரெக்கையோடு இணைக்கிற இரும்புக் கொக்கியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். “திட்டிக்க. ஏறாத” என்றாய். பிறகு சாலைக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் நடக்க ஆரம்பித்தாய். எப்போதும் என் ஜீப்பில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவன் நீ. “போ! நடந்தே போ!” என்று உன் முதுகைப் பார்த்துக் கத்தினேன்.

நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பாறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகத்தில் அடித்த காற்று சட்டென்று நின்றது. அடுத்த நொடி முதுகில் யாரோ பிடித்துத் தள்ளியது போல மலையிலிருந்து காற்று இறங்கியது. தரையில் படுக்க வைத்திருந்த ரெக்கை, முப்பது கிலோ, ஒருபக்கமாக எழுந்து குப்புறக் கவிழ்ந்து பாறையில் தேய்ந்துகொண்டே போனது. ஓடிப்போய் அதன்மேல் விழுந்து பிடித்தேன். சரிவுக்குக் கீழே புழுதி சுருண்டு சுருண்டு எழுந்தது. பறந்திருந்தால் அந்நேரம் நான் எங்கே இருந்திருப்பேனோ, சரியாக அந்த இடத்தில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தேன். ஒற்றை ஆளாக ரெக்கையை மடித்து, உருட்டி, ஜீப்பின் மேலே கட்டுவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. வழியில் உன்னை ஏற்றிக்கொண்டு, “நீ சொன்னதுதாண்டா சரி” என்று சொல்லிவிட வேண்டும் என்று இறங்கிக்கொண்டிருந்தேன். நான்கு வளைவு தாண்டியதும் கூட்டம் நின்றது.

ஏலத்தோட்டத்து வேலையாட்களை இறக்கிக்கொண்டு வந்த ஜீப். உள்ளே இடமில்லாமல் நீ பின்படியில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியதில் ஜீப் குலுங்கி, நீ கைப்பிடி நழுவி, ஓரத்துத் தடுப்புக்கல்லில் விழுந்திருக்கிறாய். வேறு யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை. இலை அசைவதைப் பார்த்துப் பறக்காமல் திரும்புகிறவன், எந்தப் புத்தியில் அந்தப் படியில் கால் வைத்தாய்? காற்றுக்குக் காட்டிய மரியாதையில் ஒரு சிட்டிகையை அந்த ஜீப்புக்குக் காட்டியிருக்கக் கூடாதா? பத்து நிமிடம், பத்தே பத்து நிமிடம் சாலையோரத்தில் நின்றிருந்தால் நான் வந்திருப்பேனே! காத்திருக்கத் தெரிந்தவன் நீதானே!

உன்னை என் ஜீப்பில்தான் கிடத்திக் கொண்டுபோனோம். ரெக்கை மேலே கட்டியபடியே இருந்தது. அவிழ்க்க யாருக்குத் தோன்றும்? போடி கடைவீதி வழியாக, மேலே ரெக்கையும் கீழே நீயுமாகப் போனதை ஊரே பார்த்தது. ஆஸ்பத்திரி வாசலில் உன்னை இறக்குவதற்குள் கதை தயாராகிவிட்டது. பறக்கப் போனான், விழுந்தான். உன் அப்பா ஓடிவந்து ஜீப்பின் மேலிருந்த மூட்டையைத்தான் முதலில் அடித்தார். “இந்தச் சனியனக் கொளுத்துங்கடா!” என்று தலையில் அடித்துக்கொண்டார். நர்ஸ் உன் சட்டைப் பையிலிருந்து எடுத்த கொக்கியை என் கையில் கொடுத்தாள்.

இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ‘அவன் இன்றைக்குப் பறக்கவில்லை’ என்று சொன்னால் அடுத்த கேள்வி, ‘அப்படியென்றால் ஏன் உன் ஜீப்பில் வரவில்லை?’ அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஜீப்பில் வந்த தோட்டத்து ஆட்கள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. ஊருக்கு ரெக்கைக் கதைதான் ருசித்தது. ரெக்கையை உன் கடைக் கொட்டகையில் போட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வீரபாண்டியிலிருந்து நேரே போடிக்குப் போனேன். உன் மனைவியிடம் சண்டை போடத்தான் போனேன். கதவைத் திறந்தவளிடம் நலம்கூட விசாரிக்கவில்லை.

“அந்தத் துணிய எதுக்கு ஆத்தா கடைக்காரனுக்குக் குடுத்த?”

அவள் கதவைப் பிடித்தபடியே சொன்னாள். “எலி தின்னுக்கிட்டுக் கெடந்துச்சு. நாலு பேருக்கு நெழலா இருக்கட்டும்னு குடுத்தேன். ஆறு வருசமா இந்த வாசல மிதிக்காதவுக, துணிக்குன்னதும் வந்துட்டீகளாண்ணே?”

நான் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பயந்தாங்கொள்ளி என்றதைச் சொன்னேன். நடந்தே போ என்றதைச் சொன்னேன். முடித்ததும், “தெரியும்ணே” என்றாள்.

“எப்படி?”

“மலையில பூத்துல இருந்து போன் பண்ணுனாக. ‘காத்து சரியில்ல, பறக்கல. அவன் கோவமா இருக்கான், நான் முன்னாடி வந்துர்றேன். அவன் பின்னாடியே வருவான். ரெண்டு பேருக்கும் சோறு வையி. மொச்சக் கொழம்பு வையி, அத அவன் கேட்டு வாங்கித் தின்பான்’னாக.”

அவள் அதோடு நிறுத்தவில்லை. குரல் உயர்ந்துகொண்டே போனது. “ஊரு பூரா, கிறுக்கன் பறக்கப் போயி விழுந்தான்னுச்சு. நான் இல்லைன்னேன். பொண்டாட்டி வேற என்ன சொல்லுவான்னாக. நீங்க ஒரு வார்த்த சொல்லுவீக, சொல்லுவீகன்னு வாசலப் பாத்தேன். எம் மாமனார், மகன் புத்தி கெட்டுச் செத்தான்னு நெனச்சுக்கிட்டே போயிச் சேந்தாக. அவுகளுக்கு யாருண்ணே இனிமே போயிச் சொல்றது?”

உன் அப்பாவிடம் இனி யாராலும் சொல்ல முடியாது. நான் வாங்கவேண்டிய வசவு அது, வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். “சாப்புட்டுப் போங்க” என்றாள். அதில் அன்பு இருந்ததா, கோபம் இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டேன்.

மறுநாள் கரும்புச்சாறு கடைக்குப் போய், கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு, நடந்ததைச் சொன்னேன். ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். போடியில் உன் தெருமுனை டீக்கடையில் நின்று சொன்னேன். “அப்படின்னா தப்பு உன் பேர்லதான?” என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். அதைச் சொல்ல ஆறு வருடம் பிடித்தது; சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. இப்போதுதான் அதிகமாகியிருக்கிறது. சாலைக்கு வந்து சேர்வதற்குள் நீ என்னை மன்னித்துவிட்டாய். என்ன குழம்பு வைப்பது என்பது வரைக்கும் யோசித்துவிட்டாய். அதை அவளிடம் சொன்ன நீ, திரும்பி ஒரு குரல் மேலே கொடுத்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். பாறையில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நீ வந்து சமாதானம் செய்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அவன் பின்னாடியே வருவான்’ என்று நீ நம்பிப் போயிருக்கிறாய். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இப்போது எங்கு போனாலும் சுமந்துகொண்டு திரிகிறேன்.