தியேட்டரில் கண்ணை மூடியவர்

ஆனி 14, சனி.

மாயாஜாலப் படம் என்று நம்பி மூவரும் தஞ்சாவூருக்குப் போனோம். அரக்கன் ஒரு வீரனின் கையைத் துண்டாக வெட்டியதும் தியேட்டரே விசிலடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் என் கொழுந்தன் சேகர். போன மாசியில், வைக்கோல் கட்டும் மெஷினில் அடைத்ததை இழுக்கப் போய் வலது கையை இழந்தவன். அந்த மெஷினை ஓட்டும் டிராக்டர் என்ஜினை அணைக்காமல் விட்டவர் என் கணவர். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசியதில்லை.

சேகர் சிரித்தான். "இவ்வளவு ரத்தமெல்லாம் பீச்சாது அண்ணி."

இவர்தான் கண்ணை இறுக மூடியிருந்தார். சேகர் இடது கையால் அவர் தோளைத் தட்டினான்.

"முடிஞ்சிடுச்சு. கண்ணத் தொறண்ணே."

திரும்பும்போது, எங்கள் ஊர் பூதலூர் வரும்வரை இருவரும் படத்தைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். நான் தூங்குவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை மாதம் கழித்து, இன்றிரவு நிஜமாகவே தூங்கிவிடுவேன்.