பரீட்சை வலி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே நன்றாக இருக்கிறோம். உன் தங்கை நன்றாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை முதல் வரியிலேயே கேட்டுவிடுவது வழக்கம், ஆனால் இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு கேள்விதான், அதனால் இங்கேயே கேட்டு முடித்துவிட மாட்டேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து படி.

முதலில் உன் கைக்கடிகாரம். வாராவாரம் நீ அனுப்பும் படங்களைப் பார்க்கிறேன், துடிப்பு இத்தனை, நடந்த அடி இத்தனை, தூங்கிய மணி இத்தனை, கீழே ஒரு பச்சை இதயம் வேறு பல்லைக் காட்டுகிறது. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் நின்று நின்று கால் வீங்கியவளுக்குப் பொம்மை காட்டுகிறாய். அது போதாதென்று ஆபீசில் இலவசமாக எடுத்தார்கள் என்று எழுபத்திரண்டு சோதனை, வழவழப்பான அட்டை போட்ட ரிப்போர்ட், எல்லாம் நார்மல் என்று அப்பாவிடம் பெருமை அடித்தாயாம். அப்பாவும் கேட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார், ஏதோ நீ எழுபத்திரண்டு பாடத்தில் பாஸ் பண்ணிய மாதிரி. உன் நெஞ்சில் யாராவது ஸ்டெதாஸ்கோப் வைத்தார்களா என்று நான் கேட்டதற்கு, அதெல்லாம் கிடையாது, வரிசையில் நின்று ரத்தம் கொடுத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்தோம் என்றாய். காபி நன்றாக இருந்ததாக்கும். அந்த எழுபத்திரண்டையும் ஒரு பக்கம் வை, அதில் நான் தேடுவது இல்லை.

சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாதமாக அவளுக்கு மூச்சு வாங்குகிறது. நூலகத்தில் அவள் வேலை பார்க்கும் பிரிவு இரண்டாவது மாடி, படிக்கட்டு நடுவில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறது, தினமும் அங்கே நின்று அதைப் படிப்பாளாம். போன வருஷத்து அறிவிப்பு, ஒரே காகிதம், நாலு மாதமாகப் படித்திருக்கிறாள். படுத்தால் இருமல், இரண்டு தலையணை மூன்றாகிவிட்டது. அவள் மாமியார், உடம்பு போட்டுவிட்டது அதனால்தான் என்று தீர்ப்புச் சொன்னார். நாற்பத்தாறு கிலோ உடம்பு! பிறகு ஒரு டாக்டர், சின்னப் பையன், மூளையைவிட தலைமுடிக்கு அதிக நேரம் செலவழிக்கிறவன் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டில் இருந்த எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தான். சி.ஆர்.பி. நார்மல், ஈ.எஸ்.ஆர். நார்மல், ஆர்.ஏ. ஃபாக்டர் நெகட்டிவ், ஆகவே வாதமும் இல்லை ஒன்றும் இல்லை, ஆஸ்துமா என்று சொல்லி உறிஞ்சுகிற மருந்து ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினான். ஆர்.ஏ. ஃபாக்டர் பார்ப்பது பெரியவர்களுக்கு விரல் கோணிக்கொள்கிற வேறொரு நோய்க்கு. அதற்கும் இவள் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? இவள் நோயின் பெயரிலும் வாதம் என்று இருக்கிறது, அவ்வளவுதான் சம்பந்தம். மற்ற இரண்டும் உடம்பில் இப்போது எங்கேயாவது வீக்கம் இருந்தால் ஏறும், இல்லாவிட்டால் இறங்கிவிடும். எப்போதோ எரிந்து அணைந்த வீட்டில் போய்ப் புகை இல்லை, அதனால் தீயே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான் மேதாவி. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த எண்களைப் பார்த்துவிட்டு நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

மருந்தை உறிஞ்சி உறிஞ்சி ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் காதம்மாவிடம் போனோம். உனக்கு ஞாபகம் இருக்காது, எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர், இப்போது ரிட்டயராகி வீட்டு முன்னறையில் பார்க்கிறார். நாங்கள் அனுப்பும் ரிப்போர்ட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எப்போதும் காதை நம்புகிறவர் என்பதால் லேபில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. பெயர் வைத்ததே நான்தான். மேஜையில் ஒரு மூலை உடைந்திருக்கிறது, கம்ப்யூட்டர் கிடையாது. சின்னவளை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார், முழுசாக ஒரு நிமிஷம். நான் பொறுமை இல்லாமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நிமிர்ந்து, சின்ன வயதில் தொண்டைவலி வந்து, அது போய் இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்ததா, ஒரு மூட்டில் வந்து அது விட்டதும் இன்னொன்றில் பிடித்ததா என்று கேட்டார். சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று அப்படியெல்லாம் எதுவும் இல்லை டாக்டர் என்றேன். அவள் மெதுவாக, "இருந்துச்சும்மா, நீதான் சிரிச்சே" என்றாள்.

எக்கோ எடுத்தோம். இதயத்தின் இடது பக்கத்து வால்வு, நாலு சதுர சென்டிமீட்டராவது திறக்க வேண்டியது, ஒன்று புள்ளி இரண்டுதான் திறக்கிறது. ஓரமெல்லாம் தடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொண்டையில் வந்த கிருமியை அடிக்கக் கிளம்புகிற உடம்பு, ஆள் அடையாளம் தெரியாமல் தன் மூட்டையும் தன் வால்வையும் சேர்த்து அடித்துவிடுகிறது, வாதக் காய்ச்சல் என்று இதற்குப் பெயர். மூட்டு ஒரு தழும்புகூட இல்லாமல் தேறிவிடும். வால்வு தேறாது, சத்தம் போடாமல் இருபது வருஷம் ஒட்டிக்கொண்டே வரும். அடுத்த மாதம் தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூன் வைத்து விரிக்கிறார்கள். காலத்தோடு வந்துவிட்டீர்கள், நல்லபடியாக ஆகும் என்று காதம்மா சொல்கிறார், நான் நம்புகிறேன். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, அது இன்னும் பல வருஷத்துக்கு உண்டு.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து என் பழைய லேப் நோட்டை இறக்கினேன். வீட்டு ஆட்களின் ரத்தம் பார்த்தால் அதில் எழுதி வைப்பேன் இல்லையா. இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கம், சின்னவளுக்குப் பத்து வயது. ஈ.எஸ்.ஆர். அறுபத்தெட்டு, இருபதைத் தாண்டக் கூடாதது. தொண்டைக் கிருமி வந்துபோனதைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. எண்ணூறு, இருநூறுக்குள் இருக்க வேண்டியது. அந்த இரண்டு எண்ணை வேறு யார் பிள்ளைக்காவது பார்த்திருந்தால் சிவப்பு மையில் கோடு போட்டு வார்டுக்கு ஆள் அனுப்பியிருப்பேன். ஆனால் தொண்டைவலி வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஏ.எஸ்.ஓ. ஏறும், அதை வைத்து மட்டும் நோய் என்று சொல்லக்கூடாது, எனக்குத் தெரியாததா என்ற திமிர். தினம் ஐம்பது குழாயில் அதையே பார்த்துப் பார்த்து அலட்சியம். முழங்காலில் வலி என்று அழுதாள், மறுநாள் கணுக்கால் என்றாள், அப்புறம் முழங்கை. "வலி இடம் மாறுதும்மா" என்றாள். அந்த வாரம் கணக்குப் பரீட்சை. வலி என்ன, உல்லாசப் பயணம் போகிறதா என்று கேட்டுச் சிரித்தேன், லேபில் போய்ச் சொல்லி அங்கேயும் நாலு பேரைச் சிரிக்க வைத்தேன். நோட்டில் அந்த எண்களுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் இரண்டே வார்த்தை இருக்கிறது, பரீட்சை வலி. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். தலைமுடிப் பையனைத் திட்டினேனே, அவனுக்காவது அந்த எண்கள் எதுவும் கையில் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நோட்டை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உன் அப்பா வந்தார். உனக்குத் தெரியும், டிரில் மாஸ்டருக்குத் தெரிந்த வைத்தியம் மொத்தம் இரண்டு, ஒன்று க்ரேப் பேண்டேஜ், இன்னொன்று விசில். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், அந்த மாதமே உனக்கும் தொண்டைவலி வந்ததாம், பிறகு உனக்கும் கணுக்கால் வீங்கியதாம், இரண்டு நாளில் முழங்காலுக்கு ஏறியதாம். பந்து விளையாடிச் சுளுக்கிக்கொண்டாய் என்று பேண்டேஜ் சுற்றிவிட்டாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீதான் வேண்டாம் என்றாயாம். "அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, பாப்பாவைப் பாத்து சிரிச்ச மாதிரி என்னையும் சிரிப்பாங்க" என்று பன்னிரண்டு வயதில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாயாம். இருபத்து மூன்று வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார் மனுஷன், வேறு எந்த வாக்கையும் காப்பாற்றியதில்லை. நான் அவரைத் திட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டே படியேறினாய். இரண்டாவது திருப்பத்தில் நின்று, ஜன்னலில் என்ன தெரிகிறது பாரம்மா என்று காட்டினாய். எதிர்க் கட்டடத்துச் சுவர் தெரிந்தது. குழாய் ஒன்று தெரிந்தது. அதற்கு முந்தின வாரமும் அதே சுவரைத்தான் காட்டினாய். உட்கார்ந்தே வேலை பார்ப்பதால் வந்த தொப்பை என்று அப்பாவிடம் சொன்னாயாம், இருக்கலாம். எனக்கும் அதுவாகவே இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் உன் ரத்தத்தில் பார்த்துத் தெரிவதில்லை இது, உன் கடிகாரத்துக்கும் தெரியாது. காது வைத்துக் கேட்கிற ஒரு டாக்டரைப் பிடி, எவ்வளவு கிழமாக இருந்தாலும் பரவாயில்லை, இடது பக்கம் படுக்க வைத்துக் கேட்கச் சொல். எக்கோ எடு. தங்கைக்கு இப்படி, எனக்கும் சின்ன வயதில் இப்படி என்று வெட்கப்படாமல் சொல். நகலைக் காட்டு, பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்துக் காட்டு, யார் எழுதியது என்று கேட்டால் என் அம்மா என்று சொல்.

நீ நீண்ட ஆயுசோடு, படிப்படியாக இல்லாமல் ஒரே மூச்சில் மாடி ஏறுகிறவனாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். சின்னவளுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, அவள் பயந்துபோய் ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறாள். மறக்காதே, இந்த வாரமே போ. இனிமேல் உனக்கு எங்கே வலித்தாலும், எங்கேயிருந்து எங்கே மாறினாலும் என்னிடம் சொல்லுடா. சிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா